மேற்படி என்று எழுதியவள்

நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலத்துக்குத் தீவு என்று பெயர் எனப் பாடப்புத்தகத்தில் எழுதியவர் யாரோ, அவர் ஒரு நாள்கூடத் தீவில் குடியிருந்திருக்க மாட்டார். குடியிருந்திருந்தால் தண்ணீரைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் படகைப் பற்றி எழுதியிருப்பார். படகு வந்தால் அது ஊர். வராவிட்டால் கடலுக்கு நடுவே கிடக்கிற கல். இதையே மனுக்காரியிடம் கேட்டால் இன்னும் காரமாகச் சொல்வாள். அவள் எதையாவது காரமில்லாமல் சொன்னதாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

கழற்றிப் போட்ட செருப்பு மாதிரி இருக்கும் அந்தத் தீவு. குதிகால் பக்கம் படகுத்துறை, விரல் பக்கம் வெறும் பாறை. சுற்றி வர ஒன்றேகால் மணி நேரம் போதும், வழியில் யாரும் நிறுத்தி வைத்துப் பேசாமல் இருந்தால். பேசாமல் விடமாட்டார்கள் என்பதால் அரை நாள் ஆகும். நடுவில் பெரிய பள்ளம். ஒரு காலத்தில் அங்கே குன்று இருந்தது. அக்கரையில் துறைமுகம் கட்டுவதற்காக ஒரு கம்பெனி வந்து அந்தக் குன்றை வெட்டியது. வெட்டுவதற்கு எங்கெங்கிருந்தோ ஆட்களைக் கூட்டி வந்து இறக்கியது. இருபத்தாறு வருடம் வெட்டினார்கள். குன்று தீர்ந்தது, குன்றுக்குக் கீழேயும் தீர்ந்தது. இனித் தோண்டினால் கடல் உள்ளே வந்துவிடும் என்றானதும் கம்பெனி கிளம்பியது. போகும்போது கிரேனைக் கழற்றிக்கொண்டு போனது, தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது, கடப்பாரைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆட்களை மட்டும் மறந்துவிட்டது. மறந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு இருக்கிற ஜனங்கள். பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது. அதைத்தான் குடிக்கிறார்கள்.

மூன்று தெரு, எழுபத்தெட்டு வீடு. இரண்டு அறைப் பள்ளிக்கூடம், ஒரு சொசைட்டிக் கடை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரே கேட்கும்படி இருமிக்கொண்டு எழும் ஒரு டீசல் ஜெனரேட்டர். ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்களில் பாதிப் பேர் காலை ஏழு மணிப் படகில் அக்கரைக்குப் போய் மீன் கம்பெனியில் மீன் அரிந்துவிட்டு ஐந்து மணிப் படகில் திரும்புவார்கள். பிள்ளை பெறுவதற்கும் அக்கரை ஆஸ்பத்திரிதான். பாறைக்கு மேலே ஒரு முழம்தான் மண் என்பதால் செத்தாலும் அக்கரைக்குத்தான். ஆக, சர்க்கார் ஏட்டில் அந்தத் தீவில் ஒருவரும் பிறந்தது இல்லை, ஒருவரும் செத்ததும் இல்லை. இடையில் வாழ்ந்தார்கள் என்பதற்கு மட்டும் யார் காகிதம் வைத்திருக்கப் போகிறார்கள்?

மனுக்காரி ஒருத்திதான் தீவிலேயே பிறந்தவள். நாலு நாள் விடாமல் காற்றடித்துப் படகு வராத வாரத்தில், குழித் தெரு மூன்றாவது வீட்டில். இரண்டு வாரம் கழித்து அவளுடைய அப்பா பதிய வைக்கப் போனபோது, தீவு என்று போட ஏட்டில் கட்டம் இல்லை என்று சொல்லி, அக்கரை ஆஸ்பத்திரியில் பிறந்ததாகவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். “பொறந்தன்னைக்கே என்னைப் பொய்யா எழுதிட்டானுங்க” என்பாள். அந்தக் கோபத்தோடுதான் அவள் வளர்ந்தாள் என்று சொல்லலாம். பால் குடித்து வளர்ந்தாள் என்று சொல்வதைவிட அது நியாயமாக இருக்கும்.

ஐந்தாவதுக்கு மேல் படிக்கக் கடல் தாண்ட வேண்டும். படகு தாமதமானால் வகுப்பில் ‘வரவில்லை’ என்று குறித்துவிடுவார்கள். ஆள் எதிரே நிற்கும், மூச்சு வாங்கும், ஆனால் வரவில்லை. பத்தாவது பரீட்சைக்கு வருகை நாள் போதாது என்று அவளை நிறுத்தினார்கள். பதினைந்து வயதுப் பெண், சிவப்பு மையில், மூன்று பக்கத்துக்குக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினாள். ‘காற்றுக்கும் சேர்த்து நான்தான் பொறுப்பு என்றால் காற்றையும் என் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அதில் ஒரு வரி. படித்தவர் சிரித்தாரோ பயந்தாரோ, பரீட்சை எழுத அனுமதி வந்தது. அன்றைக்கு விழுந்த பெயர்தான் மனுக்காரி. அதன் பிறகு ஊரில் யாருக்கு எது எழுத வேண்டுமென்றாலும் அவளிடம்தான். படிவம் எழுதுவதற்கான உரிமத்தையும் முறையாக வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சொசைட்டிக் கடை வராந்தாவில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தாள். எழுதுவதற்கு முன்னால் ஒரு பாட்டம் திட்டுவாள். எழுதி முடித்துக் கொடுக்கும்போது இன்னொரு பாட்டம் திட்டுவாள். முகத்துக்கு நேரே, “கோபம் இருக்கற எடத்துலதான் குணம் இருக்கும்” என்பார்கள். தெருமுனை திரும்பியதும், “வாய் மட்டும் இல்லேன்னா நாய் கவ்விட்டுப் போயிருக்கும்” என்பார்கள். இரண்டும் உண்மைதான்.

அவளைக் கட்டிக்கொண்டவர் அக்கரைக்காரர். போட் மெக்கானிக். படகு இன்ஜினைப் பிரித்து மாட்ட வந்தவர், உதிரிச் சாமான் வர வேண்டும் என்று எட்டு நாள் தங்கினார். சாமான் வந்து இன்ஜினும் ஓடியது, அவர் போகவில்லை. “எல்லாரும் பொண்ணைக் கட்டிக்கிட்டுப் போவாங்க. இவரு தன்னையே கட்டிக் குடுத்துட்டு வந்துட்டாரு” என்று ஊரே கேலி செய்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அவள் பேசுவதற்கு நேர்மாறாக அவர் நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகும் பழையபடியே, அவள் எழுதுவதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உறை ஒட்டுவதுமாக வராந்தாவில் இருவரும் இருப்பார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் அக்கரை ஆஸ்பத்திரியில் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். ஏழு மணிப் படகில் கூட்டிக்கொண்டு போவாள், ஐந்து மணிப் படகில் கூட்டிக்கொண்டு வருவாள். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும். இரண்டு நாள் தவறினால் மூச்சு முட்டும். மூன்றாவது நாளைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இப்போது மேற்படி விஷயத்துக்கு வரலாம்.

பதிமூன்று வருடத்துக்கு முன்னால் தபால்காரர் வாரம் ஒரு நாள் தீவுக்கு வருவார். காற்று மாதங்களில் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக் கூடைக்காரி அக்கா புருஷனை இழந்தவள். அவளுக்கு ஓய்வூதிய நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது, நேர்காணல் முடிந்து பத்தொன்பது நாள் கழித்து. மனுக்காரிக்கு ரத்தம் கொதித்தது. அக்கரையில் படகுத்துறைக்கு எதிரே நாலாம் நம்பர் கதவு, ஒரு சைக்கிள் கடை. “அண்ணே, எங்க ஊர் லெட்டரெல்லாம் உங்க கடைக்கு வரட்டும். நாங்க படகுல எடுத்துக்கறோம்” என்றாள். “லெட்டர்தானேம்மா, சாப்பாடா கேக்கப் போவுது? வந்துட்டுப் போகட்டும்” என்றார் சைக்கிள் கடைக்காரர்.

படிவத்தில் இரண்டு கட்டம். முதல் கட்டம், கடிதம் அனுப்ப வேண்டிய முகவரி. இரண்டாவது, நிரந்தர முகவரி. முதலில் சைக்கிள் கடையையும் இரண்டாவதில் தீவையும் எழுதி முப்பத்தொரு படிவம் அனுப்பினாள். முப்பத்தொன்றும் திரும்பி வந்தன. ‘இரு முகவரிகளும் பொருந்தவில்லை’ என்று ஒவ்வொன்றின் நெற்றியிலும் முத்திரை. நேரில் போய்க் கேட்டாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “ரெண்டும் ஒண்ணா இருக்கணும்மா. ரெண்டாவதுல மேற்படின்னு போட்டுடுங்க.”

போட்டாள். இரண்டே நாளில் கடிதம் வந்தது. ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ரேஷன் அட்டை, அடையாள அட்டை, மருத்துவ அட்டை என எது வந்தாலும் முதல் கட்டத்தில் நாலாம் நம்பர் கதவு, இரண்டாவது கட்டத்தில் மேற்படி. பதிமூன்று வருடத்தில் இருநூற்று ஐந்து பெரியவர்கள், பத்தடிக்கு எட்டடி சைக்கிள் கடையில் குடியேறிவிட்டார்கள். பஞ்சர் ஒட்டுகிற இடம் போக மீதியில் எப்படிப் படுத்தார்கள் என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை.

அப்படியிருக்க ஒரு நாள் சர்க்கார் கடிதம் ஒன்று வந்தது, சொசைட்டி தலைவருக்கு. மனுக்காரியின் பெரியப்பா மகன், அவளுக்கு அண்ணன் முறை. ஜெனரேட்டர் டீசல் விஷயத்தில் அவளோடு சண்டை போட்டு அவளிடம் எதுவும் எழுத மாட்டேன் என்று சபதம் எடுத்தவர், ஆகையால் தன் படிவத்தைத் தானே எழுதி, தன் வீட்டு விலாசத்தையே போட்டவர். வராந்தாவில் நின்று உரக்கப் படித்தார். தங்கள் தீவில் நிரந்தரமாகக் குடியிருப்போர் ஒன்பது பேர் என ஏடுகளிலிருந்து தெரியவருகிறது. ஐம்பது பேருக்குக் குறைவாக உள்ள இடங்களுக்குத் தினசரிப் படகு அனுமதிக்கப்படுவதில்லை. வரும் மாதம் முதல் தேதியிலிருந்து வாரம் ஒருமுறை சரக்குப் படகு மட்டும் வரும்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். “யாருப்பா அந்த ஒம்பது பேரு?” என்று விரல் விட்டுப் பார்த்தார்கள். நாலு பேர் செத்துப்போனவர்கள். மீதி ஐந்து பேரும் ஏதோ ஒரு காலத்தில் மனுக்காரியோடு சண்டை போட்டு அவளிடம் எழுத வராதவர்கள். அது விளங்கியதும் சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராக அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வாரம் ஒருமுறை என்று அந்தக் கடிதத்தில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் அக்கரையிலயே ஒரு ரூம் பாத்துக்கறேன்” என்றார் அவள் கணவர் அன்றைக்குச் சாப்பிடும்போது. “நீ வாரம் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ.”

“ஏங்க, நான் என்ன ஜெயில்ல இருக்கறவரையா பாக்க வர்றேன்? முப்பது வருஷமா இங்க இருக்கீங்க. ஒரு காயிதம் உங்களை எழுப்பி அனுப்புமா? சாப்பிடுங்க பேசாம” என்று கத்தினாள். குழம்புக் கரண்டி சுவரில் போய் விழுந்தது. அவர் எழுந்து போய் அதை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வந்து சாப்பிட்டார்.

மறுநாள் அவர் மெஷினில் இருந்த நாலு மணி நேரத்தில், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரியைப் பார்க்கப் போனாள். துறைமுகத்தை ஒட்டிய கல் கட்டடம். அந்தக் கல் எங்கே வெட்டியது என்று அவளுக்குத் தெரியும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நன்றாகத் திட்டிவிட்டு வந்திருப்பாள். அவர் எழுந்து நாற்காலியைக் காட்டினார், டீ சொன்னார்.

“சார், முந்நூத்தி நாப்பது பேரு இருக்கோம், குழந்தைங்களோட சேத்து. ஒரு தடவை வந்து எண்ணிட்டுப் போங்க.”

“எண்ணலாம்மா. எண்ணினாலும் அவங்க எல்லாம் சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தவங்கன்னுதான் நான் எழுத முடியும். நிரந்தர முகவரி இங்க இருக்கே.”

“அது உங்க ஆளு சொல்லித்தான் போட்டேன். மேற்படின்னு போடுங்கன்னு உங்க ஜன்னல்லதான் சொன்னாங்க.”

“எழுத்துல குடுத்தாங்களா?”

எழுத்தில் கொடுக்காதவன் சொன்னதை எழுத்தில் போட்டவள் மாட்டிக்கொள்வாள். அது அவளுக்குத் தெரியாத சங்கதியா? அடுத்தவர்களுக்கு இதையே ஆயிரம் தடவை சொல்லித் திட்டியவள்.

“சரி சார், இப்ப மாத்திக் குடுக்கறோம்.”

“குடியிருக்கறதுக்கு ஆதாரம் வேணும். கரண்ட் பில்?”

“ஜெனரேட்டர் சார்.”

“தபால் வந்ததுக்கு ஏதாவது?”

அவள் முறைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். இருநூற்று ஐந்து பேரும் தெரிந்தே பொய் விலாசம் கொடுத்தார்கள் என்றால் எல்லோருடைய அட்டையும் ரத்தாகும், வழக்கும் வரும். படிவம் எழுதியவர் அவர்களுக்குத் தெரியாமல் எழுதிவிட்டார் என்றால் விஷயம் வேறு. ஒவ்வொருவரும் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும், மொத்தமாகத் திருத்திவிடலாம். அந்த எழுதியவர்மீது மட்டும் நடவடிக்கை இருக்கும்.

“எழுதினது நான்தான் சார்.”

“தெரியும்மா. எல்லாம் ஒரே கையெழுத்து” என்றார் அவர். “டீ ஆறிடப் போவுது.”

அவள் டீயைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம். பிள்ளைகள் உட்காரும் சின்ன பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி சொன்னதை அவள் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள். அவள் எதிர்பார்த்தது பெரிதாக ஒன்றும் இல்லை. ‘அது எப்படிம்மா, உன்னை மட்டும் மாட்டிவிட முடியும்?’ என்று ஒரே ஒருவர் கேட்டால் போதும். கேட்டவரை, ‘வாயை மூடு, வேற வழி இல்லை’ என்று திட்டிவிட்டு அவளே சரி என்று சொல்லியிருப்பாள்.

யாரும் கேட்கவில்லை. வாத்தியார் கரும்பலகையைப் பார்த்தார். கூடைக்காரி அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். யாரோ ஒருவர் இருமினார்.

தலைவர்தான் பேசினார். “தங்கச்சி, நல்லா யோசிச்சுப் பாரு. நீ ஒருத்தி. நாங்க இத்தனை பேரு. அதுவுமில்லாம படகு யாருக்கு அவசரமா வேணும்? உன் புருஷனுக்குத்தானே. அவருக்காக ஊரு தலையில கை வைக்க முடியுமா?”

“ஆமாண்ணே. என் புருஷனுக்காகத்தான். இல்லேன்னு சொல்லவே இல்லையே. உங்க வீட்டு மருமக பிரசவத்துக்கு என்ன நீந்தியா போவா? இங்க இருக்கற பொம்பளைங்க மீன் கம்பெனிக்குப் பறந்தா போவாங்க? அவங்கவங்க தேவைக்குப் படகு வேணும். என் தேவைக்கு வேணும்னா மட்டும் அது ஊரு தலையில கை வைக்கறதா? போட்டது ஒரு வார்த்தை, பதிமூணு வருஷம் முன்னாடி. அந்த வார்த்தையால வந்த லெட்டரை எல்லாம் பிரிச்சுப் படிச்சீங்க, பென்ஷன் வாங்கினீங்க, அட்டை வாங்கினீங்க. அப்ப எவனாவது தெரியாதுன்னு சொன்னானா?”

ஆற்றைக் கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி என்று சும்மாவா சொன்னார்கள். இங்கே ஆறுகூட இல்லை, நாற்பது நிமிடக் கடல்.

“சரி. நான் ஒத்துக்கறேன்” என்றாள். “இருநூத்தி நாலு வாக்குமூலம் வேணும். யாரு எழுதப் போறது?”

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியார்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நீங்க எழுதினாத்தாம்மா திரும்பி வராது.”

இப்படியும் ஒரு கூத்து உலகத்தில் நடக்குமா என்று கேட்டால், நடந்தது. தனக்கு எதிராகத் தானே வாக்குமூலம் எழுத, அதே வராந்தாவில், அதே மேஜையில் உட்கார்ந்தாள். மூன்று நாள், நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போன நாள் போக. ‘எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படிவம் எழுதும் உரிமம் பெற்ற இன்னார், என் முகவரியை எனக்குத் தெரியாமல் தவறாக எழுதிவிட்டார்.’ இருநூற்று நாலு தடவை. கை வீங்கியபோது நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டு எழுதினாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்பதால் கையெழுத்துப் போடக் கூடாது, கைநாட்டுத்தான். வரிசையில் வந்து பெருவிரலை மையில் அழுத்தினார்கள். வாத்தியாரும் வந்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தத் தீவுக்கே அகரம் சொல்லிக் கொடுத்தவர், விரலை மையில் தோய்க்கும்போது எங்கேயோ பார்த்தார்.

“இந்தப் பக்கம் பாருங்க சார்” என்றாள் மனுக்காரி. “உருட்டி வைங்க. அழிஞ்சிடப் போவுது. இதையாவது ஒழுங்கா வைங்க.”

கூடைக்காரி அக்கா வைத்துவிட்டு அழுதாள். “என் மேல கோவமா?” என்றாள்.

“ஆமாக்கா, கோவம்தான். அழுதா போயிடுமா? அடுத்த ஆளை வரச் சொல்லுங்க.”

மூன்றாம் நாள் மதியத்துக்குள் இருநூற்று மூன்று முடிந்தது. தீவில் இருந்த பெருவிரல்கள் எல்லாம் நீலமாக இருந்தன. கடைசித் தாளை எழுதிக் கணவர் பக்கம் தள்ளினாள். அவர் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தாளைப் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

“நான் வைக்க மாட்டேன்.”

“என்ன?”

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். நீ எழுதினப்ப பக்கத்துலதான் இருந்தேன். உறை ஒட்டினதே நான்தானே. எனக்குத் தெரியாம நீ எழுதினதா எப்படிச் சொல்றது?”

“ஏங்க, கூத்தடிக்காதீங்க. இதை வைக்கலேன்னா உங்க அட்டையை நிறுத்துவாங்க. அட்டை இல்லேன்னா மெஷின் இல்லை. தெரியுமில்ல? இவ்வளவும் யாருக்காகப் பண்றேன்? இருக்கற நோய் போதாதுன்னு வம்பை வேற விலைக்கு வாங்கறீங்களா?” அவள் குரல் துறைவரைக்கும் கேட்டிருக்கும். மேஜையைத் தட்டினாள், மை கொட்டியது, அவருடைய கையைப் பிடித்து இழுத்து விரலை மையில் வைக்கப் பார்த்தாள். வாரம் மூன்று நாள் ஊசி ஏறிய கை, நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கும். அதைப் பலமாக இழுக்க அவளால் முடியவில்லை. விட்டுவிட்டாள்.

அவர் அவளுடைய பேனாவை எடுத்து, இன்னொரு தாளில், நட்டு போல்ட்டு கணக்காக ஒவ்வொரு எழுத்தாக முடுக்கி முடுக்கி எழுதினார். ‘என் மனைவி எழுதினாள். எனக்குத் தெரியும். தவறு என்றால் இருவருக்கும் பாதிப் பாதி.’ கீழே முழுப் பெயரையும் போட்டார்.

விசாரணை நாளன்று அதிகாரி ஏழு மணிப் படகு திரும்பி வரும்போது அதிலேயே வந்து இறங்கினார். பள்ளிக்கூட மேஜையில் தாள்களைப் புரட்டினார். எல்லாவற்றின் அடியிலும் நீல விரல். ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

“இது யாரு? இது ஒண்ணு வேற மாதிரி இருக்கே.”

மெக்கானிக் எழுந்து நின்றார்.

“மாத்தி எழுதிக் குடுத்துடுங்க. உங்களுக்குத்தான் நல்லது. இதை நான் வாங்கினா உங்க அட்டை விசாரணைக்குப் போயிடும்.”

“போகட்டும் சார். மத்ததெல்லாம் அவ எழுதினது. இது ஒண்ணுதான் நான் எழுதினேன். நிஜத்தையே எழுதிட்டேன்.”

அப்போதுதான் மனுக்காரிக்குப் பொங்கியது. மூன்று நாளாகத் தாளில் போட்டு அழுத்தி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. அதிகாரியிடம் அவள் பேசவில்லை. ஊர்ப் பக்கம் திரும்பினாள்.

“பாத்துக்கங்க. நல்லாப் பாத்துக்கங்க. இங்கயே வளந்த இருநூத்திச் சொச்சம் பேரும் விரலை உருட்டி வெச்சிட்டீங்க. அக்கரையிலேர்ந்து வந்தவன் ஒருத்தன், நாளைக்கு மெஷின் கிடைக்குமான்னு தெரியாதவன், அவன் ஒருத்தன் கையெழுத்துப் போட்டான். ஐம்பது பேரு இருந்தாத்தான் ஊருன்னு கவர்மெண்ட்டு சொல்லுது. என்னைக் கேட்டா இந்த ஊர்ல இருக்கறது ஒரே ஒரு ஆளுதான் சார். எழுதிக்கங்க.”

அதிகாரி எழுதிக்கொள்ளவில்லை. யாரும் நிமிரவில்லை. தலைவர் சொந்தச் செருப்பை ஏதோ புதிதாக வாங்கியதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு நாளில் உத்தரவு வந்தது. குடியிருப்போர் இருநூற்று எட்டுப் பேர் எனத் திருத்தப்பட்டது, தினசரிப் படகு தொடரும். மனுக்காரியும் அவள் கணவரும் அந்தக் கணக்கில் இல்லை. படிவம் எழுதியவரின் உரிமம் ரத்து. ஐந்து வருடத்துக்குப் பிறருக்காக எந்த மனுவும் படிவமும் எழுதக் கூடாது. வழக்கு தனி. அவளுடைய கணவரின் மருத்துவ அட்டை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்படும், அதுவரை மாதா மாதம் மனுக் கொடுத்துத் தற்காலிகச் சீட்டுப் பெற்றுச் சிகிச்சை பெறலாம்.

உரிம அட்டையை ஒப்படைக்கப் போன அன்று அவள் அதிகாரியின் மேஜை முன்னால் நின்று கேட்டாள்: “பிறருக்காக எழுதக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க. புருஷன் பிறரா?”

அவர் சட்டப் புத்தகத்தைப் பத்து நிமிடம் புரட்டினார். பிறகு தாளை வாங்கி, ஓரத்தில் ‘கணவர் நீங்கலாக’ என்று எழுதிச் சின்னக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் அவள் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தாள்.

வராந்தாவில் மேஜை காலியாக இருக்கிறது. படிவம் எழுத இப்போது எல்லோரும் அக்கரைக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். எழுதிக் கொடுக்கிறவர்கள் திட்டுவதில்லை, ஆனால் பாதி திரும்பி வருகிறது. வாரம் மூன்று நாள் ஏழு மணிப் படகில் மனுக்காரியும் அவள் கணவரும் ஏறும்போது யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். அவர் உட்கார்ந்துகொள்வார். அவள் நின்றுகொண்டே வருவாள்.

போன மாதம் துறையில் தலைவர் ஓடிவந்தார். மருமகளுக்குக் குழந்தை பிறந்து, பெயர் பதியும் படிவம் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது. ஒரு பேனாவையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“தங்கச்சி, யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கட்டம்தான். இதுல என்ன போடணும்னு மட்டும் சொல்லு.”

அவள் படிவத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள்.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுண்ணே” என்று திருப்பிக் கொடுத்தாள். கணவரின் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினாள். படகு சரியாக ஏழு மணிக்குக் கிளம்பியது.